இரண்டாயிரத்து ஐந்நூற்று ஒன்றாவது ஆள்

பிரான்ஸ் போய் வந்தேன் என்றதும் வில்லியனூரில் எல்லோரும் இரும்புக் கோபுரத்தைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். நான் கோபுரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒரு கேட்டையும், அதன் குறுக்கே கட்டியிருந்த மஞ்சள் பிளாஸ்டிக் சங்கிலியையும். அதுவும் வெளியே மழையில் நின்று பார்த்தேன்.

என் தொழில் ஷாமியானா, நாற்காலி வாடகை. ஆயிரத்து இருநூறு நாற்காலிகள் இருக்கின்றன. முப்பது வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போட்டு எடுத்ததில், ஒரு கூட்டத்தைப் பார்த்தவுடன் எத்தனை தலை என்று சொல்லிவிடுவேன். ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். மேடையில் பேசுகிறவர் சொல்லும் எண்ணிக்கையை நான் நம்புவதே இல்லை. ஐந்நூறு பேர் ஆயிரமாகத் தெரிய நாற்காலியை எப்படி அகட்டிப் போடுவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

போனது மாப்பிள்ளை பார்க்க. என் மகள் கல்பனாவுக்கு இருபத்தாறு வயது. திருபுவனையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஒன்பது வயதில் இடது முழங்கை உடைந்து, கோணலாகக் கூடிவிட்டது. கை முழுசாக நீளாது. நாலு இடம் வந்து பெண்ணைப் பார்த்து, பஜ்ஜியைச் சாப்பிட்டு, கையைப் பார்த்து, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். நாலு பேரும் சொல்லி அனுப்பவில்லை. சைக்கிளில் இருந்து விழுந்தாள் என்று கேட்பவர்களிடம் சொல்வோம். அது பொய். உண்மையைப் பிறகு சொல்கிறேன்.

ஐந்தாவது இடம் பிரான்சில் இருந்து வந்தது. பையன் பெயர் குமரன். பூர்வீகம் மடுகரை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். அந்த மாதிரி வீட்டை எங்கள் பக்கம் சொல்தா வீடு என்பார்கள், சொல்லும்போதே குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். போட்டோவைப் பார்த்தார்கள், கல்பனாவும் வீடியோவில் இரண்டு தரம் பேசினாள், கையையும் காட்டினாள். பையன் சரி என்றானாம். தரகர் கொண்டுவந்த சேதி இது: "இருபதாயிரம் பேரு உக்கார்ற ரக்பி ஸ்டேடியம்ணே. அதுக்கு மேனேஜரு."

ரக்பி என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இருபதாயிரம் எல்லோருக்கும் புரிந்தது. சொந்தக்காரர்கள் பையனின் படிப்பைக் கேட்கவில்லை, குணத்தைக் கேட்கவில்லை, ஸ்டேடியத்தின் அளவைக் கேட்டார்கள். என் மச்சான் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பாரிஸ்ல எம்பதாயிரம் பேரு ஸ்டேடியம் இருக்குதாமே. அதுல வேலை செய்யுற பையன் கெடைக்கலயா?" என்றார். நிலத்தை ஏக்கரில் அளந்து மாப்பிள்ளை பார்த்த கூட்டம் இப்போது ஸ்டேடியத்தை ஆள் கணக்கில் அளந்து பார்க்கிறது.

கிளம்பும்போது கல்பனா ஒன்றே ஒன்று சொன்னாள். "வூட்ல பாத்துட்டு வராதப்பா. வூட்ல எல்லாரும் நல்லவங்கதான். வேலை செய்யுற எடத்துல பாரு. பாத்தத அப்படியே சொல்லு."

முதல் நாள். விமான நிலைய நாற்காலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தை இரும்புச் சட்டத்தில் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான் என்று வெள்ளைக்காரனே பயப்படுகிறான். எங்கள் பாகூர்ப் பக்கம் விசேஷம் முடிந்து நாற்காலி குறைந்தால், மறுநாள் யார் வீட்டு வாசலில் கிடக்கிறது என்று போய்ப் பார்த்து எடுத்து வருவோம். பூட்டு எதற்கு?

ரயில்காரர்கள் அன்று வேலைநிறுத்தம். பாதி வழியில் இறக்கிவிட்டு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர் பையில் இருந்து ஒரு முழ நீள ரொட்டியை எடுத்து ஒடித்து எனக்கும் கொடுத்தார். மரியாதைக்கு வாங்கிக் கடித்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, அதற்கு அன்றே முடிவு தெரிந்துவிட்டது. என் பையில் இருந்த எலுமிச்சை ஊறுகாய் அதற்குள் கசிந்து, பையனுக்கு வாங்கிய பட்டுச் சட்டைக்கு மஞ்சள் பூசிவிட்டது.

பையனின் அம்மா வாசலுக்கே வந்து, "வாங்கண்ணா, பொண்ணு நல்லா இருக்குதா?" என்று கேட்டார். கத்திரிக்காய் சாம்பார் வைத்திருந்தார். நம் ஊர்ச் சாம்பாரை நினைத்துக்கொண்டு யாரோ எழுதிய கடிதம் மாதிரி இருந்தது, உப்பு மட்டும் சரி. பையன் சாயங்காலம் வந்தான். ஆறடி, தோள் அகலம். "இன்னா மாமா, வழில ரொம்ப கஷ்டமா போச்சா?" என்றான். வில்லியனூரில் கான்வென்டில் படிக்கும் பிள்ளைகள்கூட இப்படி மடுகரைத் தமிழ் பேசுவதில்லை. அதற்கு ஒரு மார்க் போட்டேன்.

சாப்பிடும்போது இருபதாயிரம் பேச்சை எடுத்தேன்.

"பதினாலாயிரத்து இருநூறு மாமா" என்றான்.

"தரகரு இருபதுன்னாரே?"

"அவரு எண்ணிப் பாத்திருக்க மாட்டாரு. அப்புறம் நான் மேனேஜரும் இல்ல. நாலாம் நம்பர் கேட்டுக்கு நான் பொறுப்பு. ஆளுங்களை எண்ணி உள்ள வுடணும்."

எனக்குச் சாம்பார் இறங்கவில்லை. ஏழு கடல் தாண்டி வந்தது ஒரு வாட்ச்மேனைப் பார்க்கவா? நான் தலையை ஆட்டிக்கொண்டு அப்பளம் கேட்டேன்.

இரண்டாம் நாள் காலியான ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டினான். அதன் பெயரை எழுதவில்லை. பெரிய ஊரில்லை, பெரிய அணியுமில்லை. வாசலில் பலகை வைத்திருந்தார்கள்: உட்கார்ந்து பார்க்கப் பதினோராயிரத்து எழுநூறு, நின்று பார்க்க இரண்டாயிரத்து ஐந்நூறு. பலகையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் பாகூர் டவுன் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே இதே மாதிரி உட்கார இத்தனை, நிற்க இத்தனை என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கலாம் என்றால் முன்னால் நாலு பேர் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

சீட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். மடக்கு சீட்டு, அகலம் இரண்டு சாண்தான். பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்திருந்தது. "இந்தச் சரக்கை நானா இருந்தா வாங்க மாட்டேன்" என்றேன். பையன் கோபப்படவில்லை. அவனுக்குப் பிடித்த பேச்சு வேறு. லண்டன் பக்கத்தில் ரக்பிக்கென்றே கட்டிய ஸ்டேடியத்தில் எண்பத்திரண்டாயிரம் பேர் உட்காரலாமாம். வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் ஊரில் எழுபத்து நாலாயிரம், அதற்கு மேலே கூரையைத் திறந்து மூடலாமாம். எழுபத்து நாலாயிரம் பேருக்கு ஷாமியானா என்றதும் எனக்குத் தொழில் ஆசை வந்துவிட்டது. காற்று அடித்தால் எங்கே கட்டுவார்கள் என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியவில்லை.

"எல்லாம் பலகையில எழுதுற நம்பருதானேப்பா. முந்நூறு பேருக்கு இலை போடுன்னு சொன்னா நாங்க நானூத்தைம்பது நாற்காலி போடுவோம். வர்ற ஆளைத் திருப்பி அனுப்புற வழக்கம் எங்ககிட்ட கெடையாது" என்றேன்.

"இங்க அதுதான் மாமா வேலையே" என்றான்.

அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆளைத் திருப்பி அனுப்ப ஒரு உத்தியோகம், அதற்கு ஒரு சட்டை, சட்டையில் ஒரு எண்.

மூன்றாம் நாள் மேட்ச். நின்று பார்க்கும் பக்கத்துக்குப் பையன் ஒரு பாஸ் கொடுத்திருந்தான். "இடம் இருக்குற வரைக்கும்தான் செல்லும் மாமா. சீக்கிரமா வந்துருங்க" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டான். அவன் அம்மா துணைக்கு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் திருபுவனை பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று போனவனுக்கு இந்த ஊர் பஸ் ஒரு பஸ்ஸா?

பஸ் வந்தது. உள்ளே இன்னும் பத்துப் பேர் தாராளமாக நிற்கலாம். டிரைவர் கையைக் காட்டி ஏதோ சொல்லிக் கதவை மூடினார். பின்னால் நின்ற பெண் ஆங்கிலத்தில் விளக்கினார்: "நிறைந்துவிட்டதாம். அடுத்தது இருபது நிமிடத்தில் வரும்." எங்கள் கண்டக்டர் யாராவது இந்த பஸ்ஸைப் பார்த்திருந்தால் காலியாக ஓட்டுகிறானே என்று அழுதிருப்பார். தூறல் விழ ஆரம்பித்தது. நான் நடந்தேன். வழி தவறி ஒரு மாதா கோயிலை இரண்டு தரம் சுற்றினேன்.

நாலாம் நம்பர் கேட்டுக்குப் போனபோது எனக்கு முன்னால் ஒரு தடித்த ஆள் மட்டும் நின்றார். பையனின் இரண்டு கையிலும் சின்ன இயந்திரம், கட்டைவிரலால் அமுக்கினால் எண் ஒன்று ஏறும். வலது கை உள்ளே போகிறவர்களுக்கு, இடது கை வெளியே வருகிறவர்களுக்கு. தடித்த ஆள் போனார், ஒரு அமுக்கு. பையன் எண்ணைப் பார்த்தான். மஞ்சள் சங்கிலியை எடுத்துக் குறுக்கே மாட்டினான். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"நான்தான்பா" என்றேன்.

"தெரியுது மாமா. ஃபுல்லாயிடுச்சி."

"ஒரு ஆளுதானே?"

"ஒரு ஆளுதான் மாமா. ஃபுல்லாயிடுச்சி."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. பெண் கொடுக்க வந்தவன் மழையில் நிற்கிறேன், அவன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எட்டிப் பார்த்தேன். என் கண் கணக்கில் உள்ளே இன்னும் ஐந்நூறு பேரை நெருக்கி நிறுத்தலாம். அதையும் சொன்னேன். "நிறுத்தலாம் மாமா" என்றான். சங்கிலியை எடுக்கவில்லை.

எனக்குப் பின்னால் கழுத்தில் பட்டுத் துணி சுற்றிய ஒரு பெரிய மனிதர் வந்தார். அணிக்கு நன்கொடை கொடுக்கிறவராம். பையனிடம் குரலை உயர்த்தினார். என்ன கேட்டார் என்று பிறகு விசாரித்தேன். "நான் யாருன்னு தெரியுமான்னு கேட்டாரு மாமா." எல்லா நாட்டிலும் இதே கேள்விதான். அவர் போன் போட்டார். மேலதிகாரி ஒருவர் ஓடிவந்து பையன் காதில் ஏதோ சொன்னார். பையன் கம்பியில் தொங்கிய நோட்டை எடுத்துப் பேனாவோடு நீட்டினான். "நீங்க கையெழுத்து போடுங்க, நான் தொறக்குறேன்" என்று சொன்னானாம். மேலதிகாரி நோட்டைப் பார்த்தார், பெரிய மனிதரைப் பார்த்தார், வேறு வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

பையன் தன் கூண்டுக்குள் இருந்த ஒரே நாற்காலியை எடுத்துவந்து கூரை ஓரமாகப் போட்டான். "உக்காருங்க மாமா" என்றான். உட்கார்ந்தேன். நாலு காலில் ஒன்று தரையில் பதியவில்லை. என் கடையில் இதை என்றைக்கோ ஒதுக்கியிருப்போம்.

அங்கிருந்து மைதானத்தில் ஒரு துண்டுதான் தெரிந்தது. பலாக்கொட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதை முன்னால் எறியக்கூடாதாம், பின்னால்தான் எறியவேண்டுமாம், ஆனால் ஓடுவது முன்னால். இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலையைக் குனிந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, சேற்றில் மாட்டிய கரும்பு டிராக்டரைத் தள்ளுவது மாதிரி தள்ளினார்கள். கடைசியில் அங்கே டிராக்டர் இல்லை. இதைப் பார்க்கவா பதினாலாயிரத்து இருநூறு பேர்?

கொஞ்ச நேரத்தில் கைக்குழந்தை வீரிட்டு அழ, ஒரு பெண் வெளியே வந்து வீட்டுக்குப் போனாள். இடது கையில் ஒரு அமுக்கு. "வாங்க மாமா, இப்ப எடம் இருக்கு" என்றான். எனக்கு ரோஷம். "வேணாம்பா" என்றேன். பட்டுத் துணிக்காரர் அந்த இடத்தில் உள்ளே போனார். போன நிமிடமே உள்ளே ஏதோ பெரிய ஆட்டம், இரண்டாயிரத்து ஐந்நூறு பேரும் குதித்தார்கள். படிக்கட்டின் கான்கிரீட் அதிர்ந்தது என் நாற்காலி வரைக்கும் வந்தது.

சத்தம் அடங்கியதும் கேட்டேன். "ஒரு ஆளு கூடினா இன்னாப்பா ஆயிடும்?"

"ஒரு ஆளுக்கு ஒண்ணும் ஆவாது மாமா" என்றான். "அந்த ஒரு ஆளை வுட்டுட்டா, அப்புறம் எந்த ஆளோட நிறுத்துறதுன்னு தெரியாது."

அவன் சொன்னது எனக்குத் தெரியும். பதினேழு வருடமாகத் தெரியும்.

கரையாம்புத்தூரில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி. சவுக்குக் கம்பும் பலகையும் வைத்துக் கட்டிய கேலரி என்னுடையது. முந்நூறு பேர் தாங்கும் என்று விழாக் குழுவிடம் நானே சொன்னேன். ஏறும் படிக்கட்டில் நானே நின்றேன். முந்நூறு ஆனதும், நிறுத்தலாம் என்றுதான் கையை நீட்டினேன். "ஒரு ஆளுதானேண்ணே" என்றார் ஒருவர். தெரிந்தவர். அவரை விட்டேன். அடுத்தவர் அவருக்கு அண்ணன். அதற்கடுத்து குழுத் தலைவரின் சம்பந்தி. அப்புறம் என் மச்சான், கூட நாலு பேர். முகம் கோணக்கூடாது என்று ஒவ்வொருவரையாக ஏற்றினேன். எண்ணுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை, வாய் தடுக்காவிட்டாலும் மனசு எண்ணிக்கொண்டே இருந்தது. இறுதி ஆட்டத்தில் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். கயிறு அறுந்த சத்தம் முதலில் கேட்டது. கல்பனா கேலரிக்குக் கீழே முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

உயிர் ஒன்றும் போகவில்லை. கம்பு உளுத்துப்போயிருந்தது என்று ஊர் சொன்னது. நானும் அதையே சொன்னேன். கம்பு நல்ல கம்பு. வீட்டுக்கு வந்தவர்களிடம் சைக்கிள் என்றோம்.

அன்று சாயங்காலம் கல்பனாவுக்குப் போன் போட்டேன். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

"ஆளு எப்படிப்பா?"

"மேனேஜரும் இல்ல ஒண்ணும் இல்ல. கேட்டுல ஆளை எண்ணுறான். என்னை உள்ள வுடலடி. மழையில நிக்க வச்சிட்டான்."

"ஏன்?"

"ஃபுல்லாயிடுச்சாம்."

"எத்தன பேரு அதிகம்?"

"நான் ஒருத்தன்தான்."



"கரையாம்புத்தூர்ல அவரு நின்னிருந்தா என் கை நல்லா இருந்திருக்கும்பா" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நான் படிக்கட்டில் நின்று ஏற்றியதைக் கீழே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள். "ஆனா சைக்கிள்னு சொல்லி வைக்காத. இன்னா நடந்துச்சோ அத சொல்லு. கேட்டுட்டு அவரு வேணாம்னா வேணாம்."

நாலாம் நாள் காலை, கிளம்ப இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த அம்மா காபி கொண்டுவந்தார். பையன் எதிரே உட்கார்ந்து, அந்தக் கல் ரொட்டியைக் காபியில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். முக்கித்தான் தின்ன வேண்டும் என்பதை இவர்கள் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் பேச்சை எடுத்தேன். சைக்கிள் இல்லை என்றேன். கேலரி, படிக்கட்டு, மச்சான், கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். கம்பு நல்ல கம்பு என்பதையும் சொன்னேன். அந்த அம்மா கையில் காபித் தம்ளரோடு அப்படியே நின்றார். நாலு இடம் தட்டிப்போனது போதாதென்று ஐந்தாவதை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

பையன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"எத்தன பேருக்குக் கட்டுனது மாமா?"

"முந்நூறு."

"எத்தன பேரு ஏறினாங்க?"

போலீஸ் கேட்டதில்லை, விழாக் குழு கேட்டதில்லை, என் மனைவி கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூட்டத்தில் எப்படித் தெரியும் என்று சொல்லியிருப்பேன்.

"நானூத்திப் பதினாறு" என்றேன்.

அவன் தலையை மெதுவாக ஆட்டினான். அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா தம்ளரை என் முன்னால் வைத்து, "ஆறிடப் போவுது, குடிங்கண்ணா" என்றார்.

"வில்லியனூர்ல கல்யாண மண்டபம் எத்தன பேருக்கு மாமா?" என்று கேட்டான்.

"அறுநூறு."

"அப்ப அறுநூறு பேருக்குத்தான் சொல்லணும்."

வில்லியனூரில் கடை வைத்திருக்கிறவன், மகள் கல்யாணத்துக்கு அறுநூறு பேரைக் கூப்பிட்டால் மறுநாள் கடைத்தெருவில் தலை காட்ட முடியாது. என் மனைவி வழிச் சொந்தம் மட்டுமே முந்நூறு தேறும். மச்சானுக்கே பத்திரிகை கிடைக்குமா என்பது சந்தேகம். இதெல்லாம் பிரான்சில் பிறந்து வளர்ந்தவனுக்கு எங்கே தெரியப் போகிறது?

"சரிங்க மாப்ள" என்றேன்.